பற்றரியை உண்ணும் பாட்டுப்பெட்டி

யானை அசைந்து தின்னும். வீடு அசையாமல் தின்னும் என்பர் நம் முன்னோர். இம்முதுமொழி மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்பதை 2023ஆம் ஆண்டு மாரிகாலத்து இரவொன்றிலே நாம் நேரிற் கண்டோம்.

நம் அயலவரின் வயோதிபத் தாயாருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி கண்டது. அயலவர் விரைந்து சென்று தம் வான் வண்டியின் சாவியைத் திருப்பினார். 'டக்' என்றோர் ஒலி கேட்டதேயன்றி எஞ்சின் அசையவில்லை. மழையில் ஊறிய முற்றத்திலே நாமெல்லாம் கூடித் தள்ளியும் பயனில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் வந்த நோயாளர் வண்டியே அம்மூதாட்டியைக் காப்பாற்றியது. வானின் பற்றரியோ இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கியது. அவ்வாண்டில் அஃது இரண்டாவது!

பழி முழுவதும் பற்றரியின் மீதே விழுந்தது. மெய்யான குற்றவாளி பின்னாசனத்தின் கீழ் ஒளிந்திருந்தது. மகன் பாட்டுக் கேட்பதற்கெனப் பொருத்துவித்த அம்பிளிபயரே அது.

அம்பிளிபயர் பெருந்தீனிக்காரன் என்பது உண்மையே. பழைய வகை அம்பிளிபயர் 400 வாற்று வலுவை ஒலிபெருக்கிக்கு வழங்குகையில், ஏறத்தாழ அதேயளவை வெப்பமாகவும் இழக்கும். ஆக 800 வாற்று. அதனை 12 வோல்ற்றால் வகுத்தால் 66 அம்பியருக்கு மேலாகும். ஆயின் பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஒலிப்பதில்லை. எஞ்சின் ஓடுகையில் அதனோடு சுழலும் மின்பிறப்பாக்கியும் செலவை ஈடுசெய்து வருகிறது. இஃது யானையின் தீனி; காதுக்குக் கேட்பது.

நிற்க. சாவியை எடுத்தபின் நிகழ்வது யாது? அம்பிளிபயரை விழிக்கச் செய்வதும் உறங்கச் செய்வதும் மெல்லிய கம்பி ஒன்று. வானொலிப்பெட்டி இயங்கும்போது மாத்திரமே அதில் மின் இருத்தல் வேண்டும். பொருத்தியவரோ அதனைப் பற்றரியோடு நேரே இணைத்துவிட்டார். பாட்டு ஓய்ந்தும் அம்பிளிபயர் உறங்கவில்லை. வெறுமனே விழித்திருந்து ஓர் அம்பியர் மட்டும் உண்டாலும், ஒரு நாளில் 24 அம்பியர்-மணி, இரு நாளில் 48. அறுபது அம்பியர்-மணிப் பற்றரியில் எஞ்சுவது 12. வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டி எங்ஙனம் புறப்படும்? இதுவே அசையாமல் தின்னும் வீடு.

கேடு அத்துடன் முடிவதில்லை. பிரான்சியரான பிளான்ரே 1859இல் ஆக்கிய முறைப்படியே இன்றும் ஈயத்தகடுகளும் சல்பூரிக் அமிலமும் மோட்டார்ப் பற்றரியில் உள்ளன. மின் வற்றிய நிலையில் அதனை நெடுநாள் விட்டால், தகடுகளிற் படியும் ஈயசல்பேற்று இறுகிவிடும். பின்னர் மின்னேற்றினும் அது முற்றாக நீங்காது. புதுப் பற்றரி இளமையிலே முதுமை எய்துவது இதனாலேயே.

சோதனை எளிது. இரவு நிறுத்திய வண்டியின் அம்பிளிபயரை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அஃது உறங்கவில்லை என்பது உறுதி. சூடில்லையெனினும் ஐயம் தீராவிடின், யாவற்றையும் நிறுத்தி அரைமணி நேரம் கழித்து, கைதேர்ந்த ஒருவரைக்கொண்டு பற்றரியிலிருந்து கசியும் மின்னை அளப்பியுங்கள். 50 மில்லியம்பியருக்குள் இருப்பின் கவலையில்லை. நிறைவாக மின்னேறிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்றுக் காட்டும். 12 வோல்ற்றுக்கு இறங்கிவிட்டால் பெரும்பகுதி செலவாகிவிட்டதெனக் கொள்க.

நம் அயலவர் அக்கம்பியை உரிய இடத்துக்கு மாற்றுவித்தார், செலவு சொற்பம். அதன்பின் மாற்றிய பற்றரி இன்றும் உழைக்கின்றது. வெள்ளிதோறும் அவர் தாயார் அதே வானில், பக்திப் பாடல் கேட்டவண்ணம் கோயிலுக்குச் செல்கின்றார். பாட்டு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. வீட்டார் உறங்கும்போது பாட்டுப்பெட்டியும் உறங்கட்டும் என்பதே.