டர்போவா, நைட்ரஸா? காரின் சக்தியைக் கூட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூர் – மைவி, வீரா, சத்ரியா போன்ற நான்கு சிலிண்டர் கார் வைத்திருக்கும் இளைஞர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பட்டறைப் பேச்சில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஆனால், ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கிய காரின் இயந்திரம் உடைந்துபோனால், மாதத் தவணை மட்டும் நிற்காது.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. இயந்திரத்துக்குள் கூடுதல் ஆக்சிஜனைச் செலுத்துகின்றன. அதற்கேற்ப அதிகப் பெட்ரோல் எரிந்து சக்தி கூடுகிறது. வழிதான் வேறு.

டர்போ

வெளியேறும் புகையின் விசையில் சுழலும் விசிறி, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. கார் ஓடும்போதெல்லாம் அந்தச் சக்தி கிடைக்கும்.

2012-இல் வெளிவந்த புரோட்டோன் பிரேவே நல்ல எடுத்துக்காட்டு. அதன் சாதாரண 1.6 இயந்திரத்தின் முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர். டர்போ வகையில் அது 205. ஆனால், புரோட்டோன் வெறுமனே டர்போவை மட்டும் பூட்டிவிடவில்லை. அமுக்க விகிதத்தைக் குறைத்து, இயந்திரத்தையே அதற்கேற்ப மாற்றியமைத்தது.

மைவி இயந்திரத்தின் அமுக்க விகிதம் 10 அல்லது அதற்கும் மேல். அதில் அழுத்தக் காற்றைத் திணித்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டன் சேதமாகும். அதனால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், இசியு டியூனிங் எல்லாம் சேர்ந்தே செலவு. உதவித்தொகை பெறும் ரோன்95-ஐ விட்டு, விலை கூடிய ரோன்97-க்கு மாறவும் நேரிடலாம். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் சேரும் வெப்பத்தையும் மறக்கக்கூடாது.

நைட்ரஸ்

சிலிண்டரில் திரவமாக இருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு, இயந்திரத்தின் வெப்பத்தில் பிரிந்து ஆக்சிஜனைத் தருகிறது. உள்ளே செல்லும் காற்றையும் குளிர்விக்கிறது. டர்போவைவிடச் செலவு குறைவு, பொருத்துவதும் எளிது.

ஆனால், 50 குதிரைத்திறன் கூட்டும் அமைப்பில், நான்கரை கிலோ வாயு மொத்தமே சுமார் நான்கு நிமிடம்தான் தாங்கும். பிறகு மீண்டும் நிரப்ப வேண்டும். குறைந்த சுழற்சியில் திறந்தாலோ, பெட்ரோல் போதாமல் போனாலோ, சில விநாடிகளில் பிஸ்டன் உருகிவிடும்.

வெயிலில் நிறுத்திய காரும் ஆபத்து. 36 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்த வாயு திரவமாக நிற்காது. சிலிண்டருக்குள் அழுத்தம் வேகமாக ஏறும். மலேசிய வெயிலில் காரின் உட்புறம் அந்த அளவை எளிதில் கடந்துவிடும்.

சட்டமும் காப்புறுதியும்

இயந்திரத்தை மாற்றவோ திருத்தவோ சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி தேவை. ஜப்பானிலிருந்து வரும் ‘ஹாப்கட்’ டர்போ இயந்திரத்தைப் பொருத்தினாலும் இதே விதிதான். அனுமதியின்றி மாற்றிய கார் விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் வேலைக்குச் செல்லும் கார், நல்ல இயந்திரம், கையில் போதிய பணம், ஜேபிஜே அனுமதி ஆகியவை இருந்தால் குறைந்த அழுத்த டர்போ பொருந்தும். சிப்பாங் போன்ற பந்தயத் தடத்தில் எப்போதாவது ஓட்டுபவருக்கு, தட விதி அனுமதித்தால், சிறிய அளவு நைட்ரஸ் போதும்.

எதுவானாலும் முதல் செலவு கம்ப்ரஷன் சோதனைக்கே. ஒரு சிலிண்டரில் அமுக்கம் குறைந்திருந்தால் இரண்டுமே அந்த இயந்திரத்தை உடைக்கும். அடுத்தது பிரேக், டயர், ரேடியேட்டர். இவற்றுக்குப் பிறகு பணம் மீதமில்லை என்றால், காரை இருப்பது போலவே ஓட்டுவதுதான் லாபம்.