பேச இயலாத வேளையில் நமக்காகப் பேசுபவர் யார்?

கூட்டுறவுச் சங்கத்தில் சேரும் அங்கத்தினர், தமக்குப் பின் பங்குத் தொகை யாரைச் சேர வேண்டும் என்று வாரிசு நியமனப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம். அதனை அபசகுனம் என்று எவரும் எண்ணுவதில்லை. காலத்திற்குப் பின் ஆகவேண்டியவற்றுக்கு இவ்வளவு ஏற்பாடு செய்யும் நாம், உயிர் இருந்தும் நினைவு தப்பிக் கிடக்க நேரும் நாட்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? அந்நாட்களில் நமக்காகப் பேசுபவர் யார்? அவர் எதைப் பேச வேண்டும்?

எழுபது வயதான நெசவாளர் ஒருவர் ஈராண்டுகளாக இருதய பலவீனத்தால் நலிந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரவு மூச்சுத் திணறல் கண்டு, நகரத்து மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் கருவியுடன் அவரை இணைக்கின்றனர். பத்து நாட்கள் சென்றபின், மேலும் தொடரலாமா என்று மருத்துவர் கேட்கிறார். மூத்த மகன், தறியை விற்றேனும் தொடர வேண்டும் என்கிறான். மகளோ, அப்பாவை இனியும் வருத்த வேண்டாம் என்று அழுகிறாள். மனைவியை எவரும் கேட்கவில்லை. இவர்களில் எவர் மீதும் குற்றமில்லை. யாவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும், பெரியவரின் உள்ளக் கருத்து யாது என்பதை எவரும் அறியார். அதனால் விளையும் மனக்கசப்பு, அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் அக்குடும்பத்தில் நின்றுவிடுகிறது.

செயற்கைச் சுவாசக் கருவியே தீது என்று கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. கட்டுவிரியன் தீண்டி மூச்சு நிற்கும் தறுவாயில் உள்ள உழவரை, விஷம் முறியும் வரையில் காத்து வீட்டிற்குத் திருப்பி அனுப்புவது அக்கருவியே. ஆனால் இருதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் நலிந்து இறுதி நிலையை எய்திய பின்போ, புற்றுநோய் உடலெங்கும் பரவிய பின்போ, அக்கருவி மூச்சை ஓட்டுமேயன்றி மூலநோயைத் தீர்க்காது. அந்நிலையில் சிலர் எவ்வாறேனும் சில நாட்கள் கூடுதலாக வாழ விரும்புவர். சிலர் தம் வீட்டுத் திண்ணையில், தம் மக்கள் நடுவே கண் மூட விரும்புவர். இரண்டும் நியாயமான விருப்பங்களே. எது தம் விருப்பம் என்பதை அவரவரே முன்கூட்டிச் சொல்லி வைத்தல் வேண்டும்.

இதனைப் பேசத் தக்க இடம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் அன்று; ஊரில் நம்மை நெடுநாள் அறிந்த குடும்ப வைத்தியரின் அறையே. நோயின் போக்கையும் குடும்பத்தின் நிலையையும் ஒருங்கே அறிந்தவர் அவர். தீராத நோய் உறுதியானதும், அல்லது மருத்துவமனையினின்று திரும்பிச் சற்றே தேறியதும், அவரிடம் சில வினாக்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். இந்நோய் இனி எவ்வாறு செல்லும்? எந்தச் சிகிச்சையால் என்ன பயன், என்ன துன்பம்? வைத்தியரும் நோயாளியிடம், அவர் அஞ்சுவது எதனை, விட்டுக்கொடுக்க இயலாதென்று கருதுவது எதனை, தம் சார்பில் பேச யாரை நம்புகிறார் என்று பொறுமையுடன் கேட்டறிய வேண்டும். ஒரு நாளில் முடியும் பேச்சன்று இது. நோய் மாறுந்தோறும் மீண்டும் பேசத் தக்கது.

இவ்விருப்பத்திற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2018 மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறத்தல் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்து, முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரத்தை ஏற்றது. அப்பொழுது மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24ஆம் நாள் அம்முறை எளிதாக்கப்பட்டது. இன்று, சித்தசுவாதீனமுள்ள வயது வந்தோர் எவரும் இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பம் பெற்றால் போதுமானது. தம் சார்பில் முடிவு கூறுவோர் பெயரை அதில் குறித்து, அவர்களுக்கும் குடும்ப வைத்தியருக்கும் பிரதி தர வேண்டும். பஞ்சாயத்து அல்லது நகராட்சியில் அதற்குரிய அதிகாரியிடமும் ஒரு பிரதி சேர வேண்டும். எந்நேரமும் எழுத்து மூலம் அதனை மாற்றலாம்; ரத்தும் செய்யலாம்.

இதனால் இரு அச்சங்கள் எழுதல் இயல்பு. பத்திரம் எழுதினால் வைத்தியம் நின்றுவிடுமோ என்பது ஒன்று. அவ்வாறு அன்று. நோயாளி சுயமாகக் கூறும் நிலையில் உள்ளவரை அவர் சொல்லே முடிவு. மீள வழியற்ற நோயில் அவர் முடிவெடுக்கும் திறன் இழந்த பின்னரே பத்திரம் பேசும். அப்பொழுதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து உடன்பட வேண்டும். வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை இறுதி வரை தொடரும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இச்சிகிச்சையை வீட்டிற்கே கொணரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. மருந்தூசியால் உயிரைப் போக்குவதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை.

சொத்தை நாடும் வாரிசுகள் முதியவரை நெருக்கி எழுதி வாங்குவரோ என்பது மற்றொன்று. இது புறக்கணிக்கத் தக்க அச்சமன்று. பிறர் வற்புறுத்தலின்றி, விளைவுகளை உணர்ந்து எழுதியிருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஆதலின் முதலில் வைத்தியரிடம் தனித்துப் பேசுதலும், தொடர்பற்ற நேர்மையாளரைச் சாட்சியாகக் கொள்ளுதலும் நன்று. ‘பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன்’ என்ற ஏக்கத்தில் எவரும் கையொப்பமிட வேண்டுவதில்லை.

பத்திரம் எழுதுவது கட்டாயமன்று, பேசுவது இன்றியமையாதது. தீரா நோயுற்ற பெரியவர் உள்ள இல்லங்களில், அவர் தெளிவாக இருக்கும் ஒரு பொழுதில் அருகமர்ந்து, “உங்கள் விருப்பம் என்ன?” என்று கேளுங்கள். மனைவியும் மகளும் அவ்விடத்தில் இருக்கட்டும். அவர் கூறுவதை மறுக்காமல் கேட்டு, அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது அவருக்கும் தெரிவியுங்கள்.