கணினியில் குடும்பப் படங்கள்: வரிசையும் காப்பும்

புகைப்படச் சுருள் இருந்த காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். கழுவவும் அச்சிடவும் செலவு உண்டு என்பதால் எண்ணி எண்ணித்தான் எடுத்தோம். இன்று ஒரு வளைகாப்புக்குச் சென்று திரும்புவதற்குள் ஒருவருடைய கைபேசியிலேயே இருநூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. குறைவாக எடுத்த அந்தப் படங்கள் ஆல்பத்தில் ஒட்டப்பட்டு, பீரோவில் இடம்பிடித்து, இன்றும் கேட்டவுடன் கிடைக்கின்றன. மிகுதியாக எடுத்த இந்தப் படங்களிலோ வேண்டிய ஒன்றைத் தேடினால் அகப்படுவதில்லை. பழுதான கைபேசி, மாற்றிய கணினி, எங்கோ வைத்த பென் டிரைவ் என அவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

வங்கியின் பதிவறையில் ஓர் ஆவணம் இருந்தால் மட்டும் போதாது. கேட்டபொழுது எடுத்துக் கொடுக்க இயல வேண்டும்; அந்த அறைக்கே சேதம் நேர்ந்தாலும் வேறோர் இடத்தில் அதன் நகல் இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் உள்ள படங்களுக்கும் இவ்விரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. சில விடுமுறை நாட்களும் ஓரளவு பொறுமையும் போதும்.

முதலில் சேர்த்தல்

பலர் இப்பணியைத் தொடங்கியவுடனேயே தேவையற்ற படங்களை அழிக்க முற்படுகிறார்கள். அது சரியான முறையன்று. முதலில் வீட்டிலுள்ள அனைவருடைய கைபேசிகள், பழைய கேமராவின் நினைவட்டை, திருமண வீட்டார் தந்த குறுந்தகடுகள் ஆகிய எல்லாவற்றிலும் உள்ளவற்றைக் கணினியில் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பதெல்லாம் பிறகு. இரண்டாவது நகல் ஒன்று எடுத்து முடிக்கும் வரை மூலத்திலிருந்து எதையும் நீக்கலாகாது.

சேர்க்கும்போது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஃபோல்டர், அதாவது கோப்புறை, வைத்துக்கொள்வது நலம். காரணம் எளியது. கேமராக்கள் படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண்ணிட்டு, பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே 2009ஆம் ஆண்டுப் பொங்கல் படமும் 2014ஆம் ஆண்டுச் சுற்றுலாப் படமும் ஒரே பெயரைத் தாங்கியிருக்கக் கூடும். ஒரே கோப்புறையில் இரண்டையும் இடும்போது, பழையதன் இடத்தில் புதியதை வைக்கலாமா என்று கணினி கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று அழுத்தினால் பொங்கல் போய்விடும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017ஆம் ஆண்டு முதல் அக்கருவிகள் 'ஹெயிக்' என்னும் வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. பழைய கணினிகளில் இவை திறவாமல் இருக்கலாம். பழுதாகிவிட்டன என்று எண்ணி நீக்கிவிட வேண்டாம்.

வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலான குடும்பங்களில் நிகழ்ச்சிப் படங்கள் கைமாறுவது இவ்வழியில்தான். ஆனால் வழக்கமான முறையில் அனுப்பும்போது அச்செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. கைபேசித் திரையில் வேறுபாடு தெரியாது. பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைக்கும்போதுதான் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, படத்தினுள் பதிந்திருந்த தேதியும் நீங்கிவிடுவது. கோப்பின் பெயரில் காணப்படும் தேதி வாட்ஸ்அப் இட்டது. படம் எடுக்கப்பட்ட நாள் வேறாக இருக்கலாம். எனவே முக்கியமான படங்களை 'டாக்குமென்ட்' என்ற தெரிவின் வழியாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அப்படி வருவது சுருங்காத மூலப்படம்.

தேதியே தலைப்பு

ஒவ்வொரு டிஜிட்டல் படத்தினுள்ளும் கண்ணுக்குத் தெரியாத சிறு குறிப்பொன்று அடங்கியிருக்கிறது. எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், சில வேளைகளில் இடம் ஆகியவை அதில் பதிவாகின்றன. 'எக்ஸிஃப்' எனப்படும் இந்த ஏற்பாட்டை ஜப்பானில் 1995ஆம் ஆண்டு வகுத்தார்கள். கோப்பைக் கணினிக்குக் கணினி நகலெடுக்கும்போது கோப்பு உருவான நாள் என்று கணினி காட்டும் தேதி மாறக்கூடும். உள்ளே பதிந்த தேதி மாறாது. விண்டோஸ் கணினியில் படங்களை 'டேட் டேக்கன்' என்ற தெரிவைக் கொண்டு வரிசைப்படுத்தினால் எடுத்த நாள் வாரியாக அவை அணிவகுக்கும். பழைய கேமராவில் மின்கலம் தீர்ந்தபின் கடிகாரம் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும். 2011இல் பிறந்த குழந்தையின் படத்தில் 2005 என்று இருந்தால் அதுவே காரணம்.

ஆள் வாரியாக, ஊர் வாரியாக, பண்டிகை வாரியாகக் கோப்புறைகள் அமைப்பவர்கள் உண்டு. சில நாட்களில் அம்முறை சிக்கலாகிவிடும் என்பது என் கருத்து. பாட்டியும் பேரனும் தீபாவளியன்று கும்பகோணத்தில் நிற்கும் படத்தை எதில் வைப்பது? ஒரு படத்தில் பலர் இருக்கலாம், தேதி ஒன்றுதான். கணக்கேட்டில் தேதி முதல் பத்தியில் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆண்டுக்கு ஒரு கோப்புறை. அதனுள் நிகழ்ச்சிக்கு ஒன்று. எந்த நிகழ்ச்சியிலும் சேராத அன்றாடப் படங்களுக்கு மாதத்துக்கு ஒன்று. இவ்வளவு போதும்.

பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். '2016-02-11 மதுரைத் திருமணம்' என்பது போல. நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால், பெயர் வரிசையில் அடுக்கும் கணினி எல்லா மாதங்களின் 11ஆம் தேதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடும். ஆண்டை முதலில் எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். தமிழிலேயே பெயரிடலாம்; இன்றைய கணினிகள் அதைத் தடையின்றி ஏற்கின்றன.

கழிப்பது இதன் பிறகே. மங்கலானவை, ஒரே காட்சியின் ஐந்தாவது ஆறாவது பிரதிகள், காலை வணக்கப் படங்கள் ஆகியவற்றை நீக்கலாம். ஆனால் இடம் போதாது என்ற அச்சத்தால் நீக்க வேண்டியதில்லை. ஒரு படம் சுமார் 4 மெகாபைட் என்று கொண்டால், ஒரு டெராபைட் வன்தட்டில் இரண்டரை இலட்சம் படங்கள் அடங்கும்.

பெயர் தெரிந்தவர் இருக்கும்போதே

பழைய அச்சுப் படங்களையும் இத்தொகுப்பில் சேர்க்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவு வைத்தால் சிறிய படத்தையும் பின்னாளில் பெரிதாக்கிப் பார்க்க இயலும். படத்தின் பின்புறத்தில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஊரும் ஆண்டும் அதிலிருந்து தெரியவரும். ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த நாளின் தேதியே இருக்கும். ஆகவே கோப்புறையின் பெயரில் '1968 சுமார், தாத்தா வீடு' என்று நாமே எழுதி வைக்க வேண்டும்.

இக்கட்டுரையில் கூறும் பணிகளுள் தள்ளிப்போட இயலாதது ஒன்றுண்டென்றால், அது படத்தில் இருப்பவர்களின் பெயரை எழுதி வைப்பதாகும். ஒரு திண்ணையில் பதினான்கு பேர் அமர்ந்திருக்கும் படம் பல குடும்பங்களில் இருக்கிறது. அவர்களில் ஐவரை நமக்குத் தெரியும்; மற்றவர்களை அறிந்தவர் அத்தையோ பெரியப்பாவோ ஒருவர்தான். அவருக்கு எண்பது வயது கடந்திருக்கும். வன்தட்டு பழுதானால் வேறொன்று வாங்கலாம்; அவருடைய நினைவுக்கு நகல் எங்கும் இல்லை. ஒரு மாலைப் பொழுதில் அவர் அருகே மடிக்கணினியுடன் அமர்ந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரையும் உறவையும் ஊரையும் கேட்டு, அதே கோப்புறையில் 'பெயர்கள்' என்று ஒரு சிறு எழுத்துக் கோப்பாக வையுங்கள். அவர் சொல்வதைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது. பெயரைக் கேட்கப் போனால் கதையும் வரும். முகமறிந்து பிரிக்கும் மென்பொருட்கள் இன்று உள்ளன. இலவசமாகக் கிடைக்கும் 'டிஜிகேம்' அவற்றில் ஒன்று. ஒரே முகம் எந்தெந்தப் படங்களில் இருக்கிறது என்று அது காட்டும். அந்த முகம் யாருடையது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

மூன்று நகல், இரண்டு கருவி, ஓர் அயலிடம்

அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் என்பவர் பரவலாக்கிய 3-2-1 என்னும் விதியை இன்று கணினித் துறையினர் அனைவரும் அறிவர். எந்தக் கோப்புக்கும் மூன்று நகல்கள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைக் கருவிகளிலாவது இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறிவிடும்.

மூன்றாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். கணினியும் வெளி வன்தட்டும் ஒரே மேசையில் இருந்தால், திருடன் இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்வான். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, ஆல்பங்களும் கணினிகளும் ஒன்றாகவே நீரில் மூழ்கின. இரண்டாவது வெளி வன்தட்டு ஒன்றை அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வைக்கலாம். வங்கிப் பெட்டகத்திலும் வைக்கலாம்தான். ஆனால் பெட்டகத்தை ஆண்டுக்கு ஒரு முறை திறப்பவருடைய நகல் ஓர் ஆண்டு பழையதாகவே இருக்கும். இரு வன்தட்டுகளை வைத்துக்கொண்டு, செல்லும்போதெல்லாம் ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கொண்டுவருவது இதற்குத் தீர்வு.

இணையச் சேமிப்பு வசதியையும் அயலிட நகலாகக் கொள்ளலாம். அதன் இயல்பை மட்டும் அறிந்திருக்க வேண்டும். கூகுள் கணக்கில் கட்டணமின்றிக் கிடைப்பது 15 ஜிகாபைட்; மின்னஞ்சலும் படங்களும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் புதிதாகச் சேரும் படங்கள் அனைத்தும் இக்கணக்கில் அடங்கும். கைபேசியில் கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை நீக்கினால் இணையத்திலிருந்தும் அது நீங்கிவிடும். சேமிக்கப்பட்ட படமானால் குப்பைப் பெட்டியில் 60 நாட்கள் மட்டுமே இருக்கும். இரு பக்கமும் ஒன்றையொன்று பின்பற்றும் ஏற்பாடு இது. நகல் என்பது, மூலம் அழிந்தாலும் தான் அழியாமல் இருப்பது.

வெளி வன்தட்டை எப்போதும் கணினியுடன் இணைத்தே வைப்பதும் தவறு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்கள் இணைந்திருக்கும் எல்லாத் தட்டுகளையும் பூட்டுகின்றன. 2017 மே மாதத்தில் பல நாடுகளில் பரவிய 'வான்னக்ரை' அத்தகையது. நகலெடுத்தவுடன் கழற்றி வையுங்கள். எடுத்த நகலிலிருந்து எங்கேனும் பத்துப் படங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது எடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: மார்ச் 31ஆம் நாளை உலகக் காப்பு நகல் நாளாகப் பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள். ஆண்டுக் கணக்கை முடிக்கும் வங்கி ஊழியர்களால் அன்று வீட்டுக் கணினியைத் தொட இயலாது. வாடிக்கையாளர்களுக்கு அந்தத் தடை இல்லை.

படங்களுக்கிடையே ஆவணங்கள்

கிளைக்கு வரும் பலர் ஆதார் எண் கேட்டவுடன் கைபேசியின் படத்தொகுப்பைத் திறந்து, பேரனின் பிறந்தநாள் படங்களைத் தள்ளித் தள்ளி, ஆதார் அட்டையின் படத்தைக் காட்டுகிறார்கள். அதனருகிலேயே பான் அட்டை, காசோலை, பற்று அட்டையின் இரு பக்கங்கள் எல்லாம் இருக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் படித்து எடுக்கவல்ல தீய செயலிகள் இப்போது உலவுகின்றன. படத்தொகுப்பைப் பார்க்க ஒரு செயலிக்கு அனுமதி தந்தால், இவையும் அதன் பார்வைக்கு உட்பட்டவையே.

படங்களை வரிசைப்படுத்தும் வேளையே இவற்றைப் பிரிப்பதற்கும் ஏற்ற வேளை. பற்று அட்டை, கடன் அட்டைப் படங்களை உடனே நீக்கிவிடுங்கள். அவற்றை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கு அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. அதில் வழங்கப்படும் ஆவணங்கள் மூல ஆவணத்துக்கு நிகரானவை என்று 2016ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆதார் நகல் ஒருவருக்குத் தர வேண்டியிருந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட வடிவத்தை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பெறலாம். கிரயப் பத்திரம், வைப்புச் சான்று முதலியவற்றின் ஸ்கேன் நகல்கள் வேண்டுமானால், கடவுச்சொல் இட்ட தனிக் கோப்பாக வையுங்கள். குடும்பப் படங்களோடு கலக்க வேண்டாம்.

கணினிக்கும் ஒரு நியமனதாரர்

எங்கள் கிளைக்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். கணவர் காலமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வைப்புக் கணக்குகளில் அவரே நியமனதாரராக இருந்ததால் அவ்வேலை சில நாட்களில் முடிந்தது. புறப்படும்போது தயங்கி நின்று, வீட்டுக் கணினியின் கடவுச்சொல் தமக்குத் தெரியாது, முப்பது ஆண்டுப் படங்கள் அதில் இருக்கின்றன, அதற்கும் ஏதேனும் விண்ணப்பப் படிவம் உண்டா என்று கேட்டார்.

அப்படியொரு படிவம் எங்களிடம் இல்லை. வன்தட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், கணினி பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் படங்களை எடுத்துத் தர இயலும். அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அதற்குரிய மீட்புச் சாவி பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அக்கணக்கும் திறக்காவிட்டால் வழியில்லை. அவருடைய கணினி பழையது, படங்கள் கிடைத்தன.

கூகுள் கணக்கின் அமைப்புகளில், கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று குறிப்பிடும் வசதி உண்டு. 10 பேர் வரை தெரிவு செய்யலாம். ஆப்பிள் கணக்கிலும் 2021ஆம் ஆண்டின் இறுதி முதல் இதற்கு ஒத்த வசதி இருக்கிறது. வீட்டுக் கணினிக்கோ, ஓர் உறையே போதும். கணினியின் கடவுச்சொல், மீட்புச் சாவி, மூன்று நகல்களும் இருக்கும் இடங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அது அங்கே இருப்பதைத் துணைவரிடமும் ஒரு பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றும்போது தாளையும் மாற்றுங்கள். ஏ.டி.எம். இரகசிய எண்ணையும் இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் அத்தாளில் எழுத வேண்டாம். அக்கணக்குகளுக்கு நியமனதாரர் பதிவாகியிருக்கிறாரா என்பதைக் கிளைக்கு அடுத்த முறை வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.