ஓவியத்தில் சூசையப்பர் தந்தையான கதை

கிறிஸ்தவ ஓவியத்தில் தாய்ப்பாசத்துக்கு எப்போதும் முதலிடம் உண்டு. குழந்தை இயேசு அன்னை மரியாளின் கன்னத்தோடு கன்னம் இழைக்கும் விளாதிமீர் அன்னை திருவுருவம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பிள்ளையைத் தொட்டுக் கொஞ்ச இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. பழைய பிறப்புக் காட்சிகளில் அவர் பெரும்பாலும் நரைத்த கிழவர். ஒதுங்கி உட்கார்ந்திருப்பார், சிலவற்றில் தூங்கியும் விழுவார். மரியாளின் கன்னிமை பற்றி யாருக்கும் ஐயம் எழக்கூடாது என்பதற்காகவே அவருக்கு அந்த முதுமை.

விதிவிலக்குகளும் உண்டு. ஜெர்மனியின் பாட் வில்டுங்கன் ஆலயத்தில் கோன்ராட் ஃபொன் ஸோஸ்ட் 1403இல் தீட்டிய பீட ஓவியத்தில், சூசையப்பர் தரையோடு குனிந்து அடுப்பூதிக் கஞ்சி காய்ச்சுகிறார். அதில் கேலியைக் காண்போர் உண்டு. ஆனால் அந்தக் குனிந்த முதுகில் தெரிவது அக்கறைதான்.

அதே நூற்றாண்டில் பாரிஸ் இறையியலாளர் ழான் ஜெர்சோன், உழைத்துக் குடும்பம் காத்தவர் கிழவராக இருந்திருக்க முடியாது என்று வாதிட்டார். அவிலாவின் தெரசா 1562இல் தொடங்கிய முதல் மடத்தைச் சூசையப்பருக்கே அர்ப்பணித்தார். அந்தப் பக்தியின் அலையில் ஓவியமும் மாறியது. தொலேடோ நகரச் சிற்றாலயம் ஒன்றுக்காக எல் கிரேக்கோ 1597-99இல் வரைந்த சூசையப்பர் கருந்தாடி இளைஞர். சிறுவன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

இந்த வரிசையில் மனத்துக்கு மிக நெருக்கமானது, முரில்லோ சுமார் 1650இல் வரைந்த, மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள 'சிறு பறவையுடன் திருக்குடும்பம்'. தந்தையின் முழங்கால்களுக்கிடையே சாய்ந்து நிற்கும் பிள்ளை, கையிலுள்ள பறவையை உயர்த்திக் காட்டி நாய்க்குட்டிக்கு விளையாட்டுக் காட்டுகிறான். நூல் சுற்றிக்கொண்டிருந்த தாய் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். பின்னால் தச்சு மேசை. தலைகளைச் சுற்றி ஒளிவட்டம் கிடையாது. படத்தின் நடுவில் இருப்பவர்கள் தந்தையும் மகனும். தாய் சற்றே ஒதுங்கியிருக்கிறாள். பழைய மரபு இங்கே தலைகீழாகிவிட்டது. பத்து வயதையொட்டிப் பெற்றோரை இழந்து, அக்கா வீட்டில் வளர்ந்தவர் முரில்லோ. அவருடைய செவில் நகரில் 1649ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொண்டுபோயிருந்தது. ஆலயத்தில் மண்டியிட்ட எத்தனையோ பேர் வீட்டில் அப்போது தந்தை இல்லை, அல்லது பிள்ளை இல்லை.

இதே பக்தி தமிழுக்கும் வந்தது. இத்தாலியரான வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணிக்குச் சூசையப்பரே, வளன் என்ற பெயரில், காப்பியத் தலைவர்.