கோடி மரங்களில் ஒரு மரம்

பத்து உயிரினங்களை எடுத்துக்கொள்வோம். எது எதற்கு நெருங்கிய உறவு, எது தூரத்து உறவு, எந்த மூதாதையிடமிருந்து எது முதலில் பிரிந்தது என்று ஒரு கிளைப்படம் வரைய வேண்டும். எத்தனை விதமாக வரையலாம்? 3 கோடியே 44 லட்சத்து 59 ஆயிரத்து 425 விதமாக. உயிரினங்கள் இருபது என்றால் 8க்குப் பின்னால் 21 பூஜ்யங்கள் போட வேண்டியிருக்கும். இத்தனை மரங்களில் உண்மையில் நடந்ததைச் சொல்லும் மரம் ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்றைத் தேடுவதுதான் பரிணாம உயிரியலாளரின் அன்றாட வேலை. 1837இல் சார்லஸ் டார்வின் தன் குறிப்பேட்டில் முதல் மரத்தைக் கிறுக்கியபோது அவருக்குப் பேனாவும் தாளும் போதுமாக இருந்தன. டிஎன்ஏ வரிசைகள் கைக்கு வந்துவிட்ட காலத்தில் கணினி இல்லாமல் தேடவே முடியாது. அந்தக் கணினிக்குள் ஓடும் நிரல் எந்தக் கணக்கின்படி ஒரு மரத்தை ஏற்றது, எதை ஒதுக்கியது என்று பிறருக்குத் தெரியாவிட்டால், வந்த முடிவைச் சரிபார்க்கவும் வழியில்லை. நிரலை எழுதி எல்லோருக்கும் திறந்துவைக்கும் பழக்கம் இந்தத் துறையில் இவ்வளவு ஆழமாக வேரோடியதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஃபெல்சன்ஸ்டீன், 1980 அக்டோபரில் ‘ஃபிலிப்’ என்ற நிரல் தொகுப்பை வெளியிட்டார். இணையம் வீட்டுக்கு வராத காலம் அது. கேட்டவர்களுக்குக் காந்த நாடாவிலும், பிறகு ஃபிளாப்பியிலும் மூலநிரலோடு சேர்த்தே போனது. அடுத்த ஆண்டே அவர் ஒரு முறையை முன்வைத்தார். ‘இந்த மரம் உண்மையாக இருந்தால், நம் கையிலுள்ள டிஎன்ஏ எழுத்துகள் இப்படி அமைய எவ்வளவு வாய்ப்பு?’ என்று ஒவ்வொரு மரத்தையும் கேட்டு, வாய்ப்பு மிகுந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை. 1985இல் இன்னொன்று. தரவிலுள்ள எழுத்துகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக மரம் வரைந்து, ஒரு கிளை எத்தனை முறை தலைகாட்டுகிறது என்று பார்ப்பது. இன்று பரிணாமக் கட்டுரை எதைப் புரட்டினாலும், மரத்தின் கணுக்களில் 95, 100 என்று எண்கள் நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை இந்தக் குலுக்கலின் வழிவந்தவை.

எல்லோரும் இலவசமாகக் கொடுக்கவில்லை. அதே துறையில் புகழ்பெற்ற ‘பாப்’ என்ற மென்பொருளைப் பதிப்பகம் ஒன்று நெடுங்காலம் விலைக்கு விற்றது. உழைத்தவர் விலை கேட்பதில் தவறில்லை. ஆனால் டாலரில் பணம் கட்ட வழியில்லாத கல்லூரி மாணவருக்கும், நிரலின் உள்ளே எட்டிப்பார்க்க விரும்பிய கணிதவியலாளருக்கும் அந்தக் கதவு மூடியே இருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களில் உருவாக்கிய ‘ஆர்’ என்ற கட்டற்ற புள்ளியியல் மொழி இந்த நிலையை மாற்றியது. 2002இல் எம்மானுவேல் பரடிஸ் அதற்குள் பரிணாம மரங்களைக் கையாளும் ‘ஏப்’ தொகுப்பைச் சேர்த்தார். அதன் மேல் ஒருவர், அவர் மேல் இன்னொருவர் என்று நூற்றுக்கணக்கான தொகுப்புகள் எழுந்தன. முன்பின் பார்த்திராத நாலைந்து பேரின் நிரலை ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துத்தான் இன்றைய ஆய்வு மாணவர் ஒரே மாலையில் தன் மரத்தை வரைந்து முடிக்கிறார்.

நிரல் திறந்தது. தரவு திறந்ததா?

2013இல் வந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்விக்குக் கசப்பான பதிலைத் தந்தது. 2000க்கும் 2012க்கும் இடையே நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்விதழ்களில் வெளியான 7,500க்கும் அதிகமான பரிணாம மரக் கட்டுரைகளை ஒரு குழு அலசியது. மரமோ அதற்கு ஆதாரமான வரிசை அடுக்கோ பிறர் எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் கிடைத்தது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக் கட்டுரைகளுக்குத்தான். ஆசிரியர்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்டபோதும் பெரும்பாலானோரிடமிருந்து தரவு வரவில்லை. மூலப்பத்திரத்தைக் காட்டாமல் கிரயம் பேசுவதுபோல, படத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு நகர்ந்திருந்தார்கள். அந்தக் குழு இந்தக் கணக்கை எடுத்ததே ஒரு பெரிய வேலைக்காக. பெயரிடப்பட்ட 23 லட்சம் உயிரினங்களையும் ஒரே மரத்தில் கோக்கும் ‘திறந்த உயிர் மரம்’ என்ற திட்டம் அது. 2015இல் அதன் முதல் வடிவம் வெளிவந்தபோது பெரும்பகுதி கிளைகள் வெறும் வகைப்பாட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவைக்கப்பட்டிருந்தன. பல கிளைகளுக்கு மரங்கள் வரையப்பட்டிருந்தும் அவை யாரோ ஒருவரின் பழைய கணினியோடு போய்விட்டிருந்தன.

துறை தன்னைத் திருத்திக்கொள்ளவும் தொடங்கியிருந்தது. 2011 ஜனவரியில் ‘எவல்யூஷன்’, ‘தி அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ உள்ளிட்ட முன்னணி இதழ்கள் கைகோத்து ஒரு விதியைக் கொண்டுவந்தன. கட்டுரை அச்சாக வேண்டுமானால், அதன் அடிப்படைத் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தே ஆக வேண்டும். போட்டியிடும் இதழ்கள் இப்படிச் சேர்ந்து ஒரே விதியை ஏற்றது அறிவியல் உலகில் அரிது.

விதியின் பலன் ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பளிச்சென்று தெரிந்தது. கூட்டமாக வாழும் சிலந்திகளின் குணாம்சங்களை ஆராய்ந்து பெயர்பெற்ற ஒருவரின் தரவில், தனித்தனியாக அளந்திருக்க வேண்டிய எண்கள் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வருவதை 2020 ஜனவரிவாக்கில் அவருடைய கூட்டாளிகளே கண்டார்கள். அந்தத் தரவை நம்பிக் கட்டுரை எழுதியிருந்த கேட் லாஸ்கோவ்ஸ்கி தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, எங்கே எப்படிப் பிசகு தெரிந்தது என்று வெளிப்படையாக எழுதினார். பல நாட்டு ஆய்வாளர்கள் களஞ்சியத்திலிருந்த கோப்புகளைப் பிரித்துக்கொண்டு, நிரல் எழுதி, ஒன்று விடாமல் சோதித்தார்கள். வேறு பல கட்டுரைகளும் அடுத்தடுத்து விலக்கப்பட்டன. எண்கள் பெட்டிக்குள் பூட்டியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. தன் பெயருள்ள கட்டுரையைத் தானே விலக்கிக்கொள்ளும் துணிவு இளம் ஆய்வாளர் ஒருவரிடம் இருந்தது. அந்தத் துணிவும் இந்தக் கதையில் போற்றத்தக்கது.

சிலந்திகளை ஆராய்வதில் நிதானமாக நடக்க நேரமுண்டு. கிருமிகளுக்கு அந்த அவகாசம் கிடையாது. வைரஸ்கள் நம் கண்ணெதிரே, வாரக்கணக்கில் பரிணமிக்கின்றன. யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்பதே அவற்றின் பரிணாம மரம்.

2014இல் எபோலா சியரா லியோனுக்குள் நுழைந்தபோது, கெனமா அரசு மருத்துவமனை மருத்துவர்களும் அமெரிக்காவில் பார்டிஸ் சபெட்டியின் ஆய்வுக்குழுவும் சேர்ந்து 78 நோயாளிகளிடமிருந்து 99 வைரஸ் மரபணுத்தொகுதிகளைப் படித்தார்கள். கட்டுரை வரட்டும் என்று காத்திராமல், வரிசைகள் கிடைக்கக் கிடைக்கப் பொது மரபணுத் தரவு வங்கியில் போட்டார்கள். விலங்கிலிருந்து மீண்டும் மீண்டும் தொற்றாமல், மனிதரிடமிருந்து மனிதருக்கே நோய் தாவுகிறது என்பதை அந்த மரம் காட்டியது. கட்டுரை ஆகஸ்டில் அச்சானபோது அதன் ஆசிரியர்களில் ஐந்து பேர் உயிரோடு இல்லை. கெனமாவில் லஸ்ஸா காய்ச்சல் பிரிவை வழிநடத்திய மருத்துவர் ஷேக் ஹுமர் கான் உட்பட ஐவரையும் எபோலாவே கொண்டுபோயிருந்தது. தரவுப் பகிர்வைப் பற்றி யார் எழுதினாலும் அந்த ஐவரை நினைக்காமல் கடக்கக் கூடாது.

சியாட்டிலில் ட்ரெவர் பெட்ஃபோர்டும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ரிச்சர்ட் நேஹரும் 2015இல் ஃப்ளூ வைரஸின் மரத்தை உடனுக்குடன் வரைந்து காட்டும் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். அதுவே எபோலா, ஜிகா என்று விரிந்து ‘நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன்’ ஆனது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம், தங்கள் ஊர்த் தரவை வைத்துச் சொந்தமாக இயக்கலாம். 2017இல் திறந்த அறிவியலுக்கான சர்வதேசப் பரிசு அதற்குக் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் உலகமே அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

2020 ஜனவரி 11. சீன ஆய்வாளர் ஜாங் யோங்ஜென் குழு படித்த புதிய கொரோனா வைரஸின் மரபணுத்தொகுதியை, அவருடைய சம்மதத்தோடு ஆஸ்திரேலியாவின் எட்வர்ட் ஹோம்ஸ் இணையத்தில் எல்லோருக்குமாக வெளியிட்டார். ஏறக்குறைய 30,000 எழுத்துகள். மறுநாளே ஜாங்கின் ஆய்வகத்தை மூடும்படி உத்தரவு வந்தது. அதற்கு மறுநாள், அதாவது 13ஆம் தேதி, மாடர்னா தடுப்பூசியின் வரிசை முடிவாகிவிட்டது. ஒரு கோப்பை வெளியிட்டவர் கொடுத்த விலையையும் உலகம் பெற்ற பயனையும் அந்த மூன்று நாட்களுக்குள் பார்த்துவிடலாம்.

திறந்த வாசலில் பிழைகளும் நுழையத்தான் செய்யும். ஜனவரி 31 அன்று, புதிய வைரஸில் எச்ஐவியை ஒத்த நான்கு துணுக்குகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் சிலர் மதிப்பாய்வுக்கு உட்படாத முன்வரைவு ஒன்றை வெளியிட்டார்கள். செய்தி தீயாகப் பரவியது. பல நாட்டு ஆய்வாளர்கள் பொது வங்கியிலிருந்து அதே வரிசைகளை எடுத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய தேடல் கருவியில் போட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு சிறிய துணுக்குகள் எத்தனையோ உயிரினங்களில் தற்செயலாகவே அகப்படும் என்பது தெளிவானது. பிப்ரவரி 2இல் ஆசிரியர்களே முன்வரைவைத் திரும்பப் பெற்றார்கள். வழக்கமான மதிப்பாய்வுக்கு மாதங்கள் பிடிக்கும். இங்கே இரண்டு நாட்களில் முடிந்தது. வதந்தி மட்டும் அதற்குப் பிறகும் வெகுகாலம் வாட்ஸ்அப்பில் சுற்றியது என்பது வேறு வேதனை.

வைரஸ் கிளை பிரியப் பிரிய, கிளைகளுக்குப் பெயர் தேவைப்பட்டது. எடின்பரோவின் ஆண்ட்ரூ ராம்பாட் குழு 2020இல் ‘பாங்கோ’ என்ற பெயரிடும் முறையை வகுத்தது. கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில், ‘இதோ ஒரு புதிய கிளை, இவை அதன் திரிபுகள், இந்த நாடுகளில் தென்படுகிறது’ என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். பட்டமோ பதவியோ கேட்பதில்லை. ஆதாரம் சரியாக இருந்தால் பெயர் கிடைக்கும். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்பட, உயிரியல் ஆய்வகத்துக்குள் கால் வைத்திராத ஆர்வலர்கள் பலர் முன்மொழிந்த கிளைகள் இன்று உலகச் சுகாதார ஆவணங்களில் இருக்கின்றன. 2022 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒருவருக்கு ‘பிஏ.4’ என்ற கொரோனா கிளை கண்டறியப்பட்டதாகத் தமிழ் நாளிதழ்கள் எழுதின. அந்தப் பெயர் பிறந்த இடமும் இந்தப் பொது மேசைதான்.

2021 நவம்பர் 23 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாம் பீகாக் அங்கே ஒரு பதிவை இட்டார். போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா, ஹாங்காங் ஆகிய இடங்களிலிருந்து வந்திருந்த ஒரு சில வரிசைகளின் கூர்முனைப் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட திரிபுகள் இருந்தன. மறுநாள் அந்தக் கிளை ‘பி.1.1.529’ ஆனது. 26ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தது. இவ்வளவு வேகமாக எச்சரிக்கை கிடைத்ததற்கு, சிகுலிலே மோயோ, டுலியோ டி ஒலிவெய்ரா போன்றோர் தலைமையிலான போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள் வரிசைகளைத் தயங்காமல் வெளியிட்டதே காரணம். அதற்குப் பரிசாகப் பணக்கார நாடுகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதி விமானங்களை நிறுத்தின. இது அநியாயம். அடுத்த முறை ஓர் ஏழை நாட்டின் சுகாதார அமைச்சர் வரிசையை வெளியிடச் சொல்லிக் கையெழுத்திடும் முன் யோசித்தால், குற்றம் அவர்மேல் இல்லை.

இதனால்தான் ‘எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்’ என்ற குரலுக்கு எதிர்க்குரலும் உண்டு. கொரோனா வரிசைகளில் பெரும்பகுதி சேர்ந்த ‘கிசைட்’ களஞ்சியம் முழுக்கத் திறந்ததல்ல. பதிவு செய்து, தரவு தந்தவரை மதித்துக் குறிப்பிடுவதாக ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகலாம். எடுத்த தரவை அப்படியே மறுபகிர்வு செய்ய முடியாது. 2021இல் ஆய்வாளர்கள் பலர் முழுத் திறப்பைக் கோரிக் கடிதம் எழுதினார்கள். வேறு பலர், குறிப்பாக வசதி குறைந்த நாடுகளில் உழைப்பவர்கள், தாங்கள் திரட்டிய தரவை வைத்துப் பெரிய ஆய்வகங்கள் முந்திக்கொண்டு கட்டுரை போட்டுவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குப் பழைய அனுபவங்கள் நிறைய. பூட்டைக் கழற்றச் சொல்பவர்கள், தரவு தந்தவருக்கு ஆசிரியர் வரிசையில் இடமும் ஆய்வகத்துக்கு நிதியும் கிடைக்க வழிசெய்துவிட்டுக் கேட்பதே முறை.

நிதி எட்டாத நிலை நிரலாளர்களுக்கும் உண்டு. வரிசைகள் லட்சத்தைத் தாண்டியபோது பழைய மரம் வரையும் நிரல்கள் திணறின. இந்தியாவில் பொறியியல் படித்துக் கலிபோர்னியாவில் பணியாற்றும் யதீஷ் துராகியாவும் குழுவும் 2021இல் ‘அஷர்’ என்ற நிரலைக் கொண்டுவந்தார்கள். மரத்தை அடியிலிருந்து மறுபடி வரையாமல், புதிய வரிசையை இருக்கும் மரத்தில் பொருந்தும் கிளையில் செருகிவிடும் நிரல் அது. கோடி வரிசைகள் கொண்ட மரம் அதனால்தான் சாத்தியமானது. இத்தகைய நிரலைப் புதிதாக எழுத நிதி கிடைத்தாலும், எழுதியதைப் பத்தாண்டு பழுதின்றிப் பராமரிக்கத் தருபவர்கள் மிகக் குறைவு.

தரவைத் திறந்தால் மட்டும் போதாது, அது முழுமையாகவும் வர வேண்டும். 2024 மார்ச் 25 அன்று அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் இருப்பது உறுதியானது. ஏப்ரல் 21இல் அந்நாட்டு வேளாண் துறை வைரஸ் வரிசைகளைப் பொது வங்கியில் ஏற்றியது. ஆனால் அவை அரைகுறையான மூலத் துண்டுகளாக வந்தன. எடுத்த இடம் ‘அமெரிக்கா’, எடுத்த காலம் ‘2024’ என்பதற்கு மேல் பெரும்பாலானவற்றில் எதுவுமில்லை. கார்த்திக் கங்கவரப்பு உள்ளிட்ட ஆய்வாளர்கள் துண்டுகளைக் கோத்து முழு வரிசைகளாக்கிக் கிட்ஹப்பில் வைத்தார்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் அவற்றை எடுத்து மரம் வரைந்தார்கள். பறவையிலிருந்து மாட்டுக்கு வைரஸ் ஒரே ஒரு முறைதான் தாவியிருக்க வேண்டும், அதுவும் கண்டுபிடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே என்று அந்த மரம் சொன்னது. எந்த மாநிலத்துப் பண்ணையிலிருந்து எந்த மாநிலத்துக்கு, எந்த வாரத்தில் போனது என்பதையும் அதே மரத்தில் படித்திருக்கலாம். அதற்கு ஒவ்வொரு வரிசையோடும் ஒரு தேதியும் ஓர் ஊர்ப் பெயரும் வந்திருக்க வேண்டும்.