கரண்ட் கம்பனியை மாற்ற முடியுமா?

வினாயகபுரத்தில் மாதாந்தம் கூடும் எங்கள் பெண்கள் குழுவில், சேமிப்புக் காசை எண்ணிக் கொப்பியில் எழுதி முடித்த பிறகு ஒரு அம்மா கேட்டார். "மகள், லண்டன்ல இருக்கிற என்ட தங்கச்சி கரண்ட் கம்பனிய மாத்திட்டாளாம். மாசம் கொஞ்சக் காசு மிச்சமாம். நமக்கும் அப்பிடி மாத்த ஏலாதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கும் கேள்வி அல்ல. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் மாத வருமானத்தில் எரிபொருளுக்கும் வெளிச்சத்துக்கும் எவ்வளவு போகிறது என்பதை அன்று கூடியிருந்த ஒவ்வொருவரும் விரல் விட்டு எண்ணிச் சொல்லக் கூடியவர்கள்.

பிரித்தானியாவில் 1990களின் இறுதியில் வீட்டு மின்சாரத்தையும் காஸையும் விற்கப் பல கம்பனிகளுக்கு இடம் கொடுத்தார்கள். கம்பி பழைய கம்பிதான். பட்டியல் அனுப்பும் கம்பனி மட்டும் மாறும். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2021இன் இறுதி மாதங்களில் உலகச் சந்தையில் காஸ் விலை ஏறியபோது இருபதுக்கும் மேற்பட்ட சிறு கம்பனிகள் அங்கே மூடப்பட்டன. வாடிக்கையாளர்களை வேறு கம்பனிகளுக்கு மாற்றி விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தத் தெரிவு இல்லை. மேற்குக் கரையிலும் காலிப் பக்கத்திலும் சில நகரங்களுக்கு லெக்கோ எனப்படும் கம்பனி மின்சாரம் வழங்குகிறது. மற்ற இடங்களில் இலங்கை மின்சார சபை என்றே பழகி வந்திருக்கிறோம். அந்தச் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. பெயர்ப் பலகை எப்படி மாறினாலும் வினாயகபுரத்து வீட்டுக்கு வருவது ஒரே கம்பிதான். அதன் விலையை அனுமதிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு.

ஆகவே அன்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி மின்சாரப் பட்டியலை எடுத்து வரச் சொன்னேன். பாதிப் பேருக்கு அதில் கட்ட வேண்டிய தொகையைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது எத்தனை அலகு என்பதை. 30 அலகுகளுக்கான பட்டியல் 2022 ஓகஸ்ட்டுக்கு முன் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகு 1,300 ரூபா ஆனது. பின்னர் குறைந்தது, மீண்டும் பல தடவை மாறியது. ஆனால் 60 அலகு என்ற கோட்டை மறக்க வேண்டாம். அதைத் தாண்டினால் கூடுதல் அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் அலகிலிருந்தே வேறு கணக்கு. 2023 பெப்ரவரி விலையில் 60 அலகுக்கு 2,560 ரூபா, 61 அலகுக்கு 3,212 ரூபா. ஒரே ஒரு அலகுக்கு 652 ரூபா! இன்றைய விலை வேறு. உங்கள் பட்டியலில் இருக்கும் வீதத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

700 வொட் ரைஸ் குக்கரில் தினமும் அரை மணி நேரம் சோறு வைத்தால் மாதம் பத்தரை அலகு. பழைய 60 வொட் குண்டு பல்பு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே இடத்தில் 9 வொட் எல்.ஈ.டி பல்பு ஒன்றரை அலகு கூட எடுக்காது. 55 அலகில் நிற்கும் வீட்டுக்கு ரைஸ் குக்கர் வசதி அல்ல, கோட்டைத் தாண்ட வைக்கும் பொருள்.

உண்மையான தெரிவு இருப்பது காஸில்தான். 1995இல் தனியாருக்குப் போன காஸ் வியாபாரம் சில ஆண்டுகள் ஷெல் கம்பனியின் கையில் மட்டும் இருந்தது. பிறகு லாஃப்ஸ் வந்தது. 2010இல் ஷெல்லின் பங்கை அரசாங்கம் வாங்கி லிட்ரோ என்று பெயர் வைத்தது. நீலச் சிலிண்டர் லிட்ரோ, மஞ்சள் லாஃப்ஸ் என்று எங்கள் பெண்கள் நிறத்தால்தான் சொல்வார்கள்.

"எது நல்லம் மிஸ்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் தெருக் கடையில் எந்த நிறம் தடையில்லாமல் வருகிறது என்று. விலை வித்தியாசத்தை விட இது முக்கியம் என்பது என் எண்ணம். 2021இன் நடுப்பகுதியில் மஞ்சள் சிலிண்டர் கடைகளில் கிடைக்காமல் போனது. வெறும் மஞ்சளைக் கொடுத்து நீலத்தை எடுப்பது எல்லாக் கடையிலும் நடக்கும் காரியம் அல்ல. 2022இல் இரண்டு நிறமும் இல்லை. வரிசையில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வைத்துக் காத்திருந்ததை யார் மறப்பார்கள்? 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. 2024 ஜூலையில் 3,690க்கு இறங்கியது. இவை கொழும்பு விலைகள். அம்பாறைக்குப் போக்குவரத்துச் செலவு சேரும். கூடுதலாகக் கேட்கும் கடையைப் பற்றி 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குச் சொல்லலாம்.

அளவும் ஒரு தெரிவு. 2024 ஜூலை விலையில் 5 கிலோ சிலிண்டர் 1,482 ரூபா, 2.3 கிலோ 694 ரூபா. கிலோவுக்குப் பிரித்துப் பார்த்தால் பெரியதும் 5 கிலோவும் கிட்டத்தட்ட ஒன்று, மிகச் சிறியதில் ஐந்தாறு ரூபா கூட. விடிய எழும்பி இடியப்பம் அவித்து விற்கும் ஒரு சகோதரி 5 கிலோவை வைத்திருக்கிறார். "நாலாயிரம் ஒரே நாள்ல கையில இராது மிஸ். ஆயிரத்தைந்நூறெண்டா ரெண்டு நாள் யாவாரத்தில சேரும். சைக்கிள்ல நானே ஏத்திப் போவன்." அவருடைய கணக்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாரியில் விறகு நனைந்திருக்கும் மாதங்களில்தான் அவர் காஸை மூட்டுவார். மற்ற நாட்களில் தென்னம் மட்டையும் சிரட்டையும்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததால் காஸுக்குப் பயந்து நிற்பவர்களும் எங்கள் குழுவில் உண்டு. ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டரில் கலக்கும் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. பயம் நியாயமானது. காஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் நிலத்தில் தங்கும். மணம் வந்தால் சுவிட்சில் கை வைக்காமல் வால்வைப் பூட்டி, கதவு ஜன்னலைத் திறந்து பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். வெடிப்பு விழுந்த குழாயை வைத்துக் கொண்டு இன்னும் ஒரு மாதம் என்று பார்க்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் அடுப்பை நம்பியவர்களுக்கு 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87இலிருந்து 340 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். விறகு காசில்லாமல் கிடைக்கிறது என்பார்கள். சாகாமம் பக்கம் யானைக்குப் பயந்து பயந்து விறகு பொறுக்கியவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்ட அம்மாவின் பட்டியலைக் கடைசியாக வாங்கிப் பார்த்தேன். 41 அலகு. நிலுவை இல்லை. பெயர் அவருடைய கணவருடையது. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு அவர்தான் கையெழுத்து வைத்து மின்சாரம் எடுத்தார். 2007இல் வேலைக்கென்று போனவர் திரும்பவில்லை. அத்தனை வருடங்களாக மாதம் தவறாமல் கட்டி வருபவர் அம்மா. ஆனால் மீற்றரை இடம் மாற்ற வேண்டும் என்றாலோ, வைப்புப் பணம் சம்பந்தமாகப் போக வேண்டும் என்றாலோ கணக்கு அவருடைய பெயரில் இல்லை. கம்பனியை மாற்ற முடியாத ஊரில் அவர் மாற்றிக் கொள்ளக் கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"பேரை மாத்தினா அவர் செத்துப் போனார் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரித்தானே மகள்?"

அப்படி இல்லை என்றேன். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டு வந்தது. அது மரணச் சான்றிதழ் அல்ல. ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்வது. எங்கள் பகுதியில் மரணச் சான்றிதழை வாங்க மறுத்து நின்ற தாய்மாரும் மனைவிமாரும் எத்தனையோ பேர். விண்ணப்பிப்பது எப்படி என்று திருக்கோவில் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பெயர் மாற்றத்துக்கு எந்தெந்தக் கடதாசி வேண்டும் என்பதை மின்சார அலுவலகத்தில் முதலில் கேட்டு எழுதிக் கொண்டு, பிறகு கிராம உத்தியோகத்தரிடம் போனால் அலைச்சல் குறையும். காணிப் பத்திரம், அடையாள அட்டை, பழைய பட்டியல்கள் எதையும் எறிய வேண்டாம்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பட்டியலை நாலாக மடித்துச் சேமிப்புக் கொப்பிக்குள் வைத்தார். போகும்போது, "காணிப் பத்திரம் பெட்டிக்குள்ள கிடக்கு. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாறன், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.