பெயர் நமது, கலம் யாருடையது?

கட்டுமரம் என்னும் சொல்லை அறியாத தமிழர் இலர். மரங்களைக் கயிற்றினால் இறுகக் கட்டி, அலையேறிச் சென்று மீன்பிடித்து மீளும் எளிய கலம் அது. சோழமண்டலக் கரையில் அதனைக் கண்ட ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், 1697 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயண நூலில் அதன் பெயரைக் குறித்து வைத்தார். இன்று அச்சொல் ‘கற்றமரான்’ என உலகெங்கும் வழங்குகின்றது. பொருளோ மாறிவிட்டது. ஒடுங்கிய தோணிகள் இரண்டினை அருகருகே நிறுத்தி, நடுவே அகன்ற தளம் அமைத்த பாய்க்கலத்தையே இப்போது அது குறிக்கின்றது. இவ்வமைப்புக்கு முன்னோடிகள் பசிபிக் தீவுகளில் வாழும் பொலினீசிய மக்களாவர்.

மேனாட்டார் இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1876 இல் நியூயோர்க்கில் நடந்த ஓட்டப் போட்டியில் நத்தானியல் ஹெரெஷோப் அமைத்த ‘அமரிலிஸ்’ என்னும் இரட்டைக் கலம் ஏனையவற்றை முந்திற்று. தோற்றவர்கள் முறையிடவே, இத்தகைய கலங்கள் அப்போட்டிகளினின்று விலக்கப்பட்டன. அன்று விலக்குண்ட கலத்தையே இன்று குடும்பங்களும் நண்பர்களும் விடுமுறைக்கு வாடகையாக அமர்த்துகின்றனர்.

இவ்வகை உல்லாசப் பயணத்துக்குப் பெயர்பெற்றவை கரிபியன் கடலிலுள்ள பிரித்தானிய வேர்ஜின் தீவுகள். அங்கே ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குப் புலனாகும். ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று சீராக வீசும். 45 அடி நீளமான கற்றமரான் ஏறக்குறைய 25 அடி அகலமிருக்கும். பெரும்பாலும் நான்கு அறைகள் உண்டு, எண்மர் உறங்கலாம். வாடகையையும் எண்மர் பகிர்ந்துகொள்ளலாம்.

கலத்தை மட்டும் பெற்று நாமே செலுத்துவது ஒரு முறை. அதனைச் செலுத்தத் தலைவர் ஒருவரையும் அமர்த்துவது மற்றொன்று. முதலாவதை நாடுவோரிடம் வாடகைக்கு விடுவோர் கடலோடிய அனுபவத்தைக் கேட்பர். இங்கே அனுபவத்தை மிகைப்படுத்திக் கூறுவோமாயின் ஏமாறுபவர் நாமே.

ஏனெனில், சாதாரண பாய்க்கலம் காற்று மிகும்போது சாயும், அச்சாய்வே எச்சரிக்கையாகும். கற்றமரானோ தன் அகலத்தினால் அதிகம் சாயாது நிற்கும். கோப்பையிலுள்ள தேநீர் சிந்தாதிருக்கும்போதே காற்று அளவு கடந்துவிடக் கூடும். ஆதலால் காற்றுமானியைப் பார்த்து, குறித்த வேகம் வந்தவுடன் பாயைச் சுருக்குதல் வேண்டும். கவிழ்வது அரிது, கவிழ்ந்தாலோ அது தானாக நிமிர்வதில்லை.

மற்றொரு ஆபத்து மனிதரிடத்தே உண்டு. எண்மர் பணம் கொடுத்தால் எண்மரும் எசமானராவர். “நாளை விமானம் ஏறவேண்டும், இன்றே அத்தீவைப் பார்த்தாக வேண்டும்” என்பார் ஒருவர். “கொடுத்த காசு வீணாகலாமா?” என்பார் இன்னொருவர். வானம் கறுத்திருக்கும், எனினும் நங்கூரத்தைத் தூக்கச் சொல்லும் குரல்களே மிகும். ஆகவே புறப்படுமுன்னரே ஒருவரைத் தலைவராக ஏற்று, “இன்று போகலாகாது” என்று அவர் சொன்னால் அதுவே முடிவு என உடன்படுதல் வேண்டும். பயணத் திட்டத்தில் ஒரு நாளை மேலதிகமாக ஒதுக்கி வைத்தலும் நன்று. ஜூன் முதல் நவம்பர் வரையான சூறாவளிக் காலத்தையும் மறத்தலாகாது. 2017 செப்டெம்பர் 6 ஆம் திகதி ‘இர்மா’ சூறாவளி அத்தீவுகளைத் தாக்கியபோது, துறைகளிற் கட்டியிருந்த கலங்கள் பல நொறுங்கின.

நம் கடற்கரைக்குச் சென்று பாருங்கள். கலத்தைத் தள்ளுமுன் மீனவர் வானையும் நீரையும் நோக்கி நிற்பர். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமெனினும், கடல் சரியில்லையாயின் கலத்தை மணலில் விட்டுத் திரும்புவர். உல்லாசத்துக்காகச் செல்வோருக்கு அத்தகைய நெருக்கடி ஏதுமில்லை. கலத்துக்குப் பெயரைத் தந்த அம்மக்களிடமிருந்து இப்பொறுமையையும் நாம் பெற்றுக்கொள்வோமாக.